அவரைக்கொட்டை வைத்து எண்ணிய பாம்பு

தொட்டி ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உரம் எப்படிக் கலப்பது, கன்றை எப்படித் தொட்டியில் வைப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்கு சூப்பர்வைசர் இருக்கிறார். பத்து நாளில் உங்கள் கையே கற்றுக்கொண்டுவிடும். கை கற்றுக்கொண்ட பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச ஆபீஸ் பெண் எழுதிக்கொள்கிறாள். பேச்சு வேறு எங்காவது போனால் பேனாவால் மேஜையைத் தட்டுவதாக எங்களுக்குள் ஒப்பந்தம்.

இங்கே எல்லோருக்கும் நான் லூர்து அக்கா. பதினெட்டு வருஷம் ரோஜா கிரேடிங்கில் இருந்தேன். கடைசி ஆறு வருஷம் இந்தத் தொட்டி ஷெட்டில். கிரேடிங் என்றால் தண்டின் நீளம் பார்த்துப் பூவைப் பிரித்து, இருபது இருபதாகச் சேர்த்து, அட்டை சுற்றிக் கட்டுவது. கட்டுக்கு இருபது. பதினெட்டு வருஷத்தில் எத்தனை கட்டு கட்டியிருப்பேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் சப்பாத்தி சுட உட்கார்ந்தாலும் இருபதில்தான் எழுந்திருப்பேன். இன்னொன்று வேண்டும் என்று பேரன் கேட்டால் மாவு இருக்காது. "அத்தையோட கைக்கு ஒரே ஒரு நம்பர்தான் தெரியும்" என்று மருமகள் சொல்வாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அந்தக் கையால் நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் ஒரு பாம்பு வரும். பயம் வேண்டாம், ஷூ லேஸ் அளவுதான்.

நம் ஷெட்டில் மண்குவியலைக் கிளறினால் அது வரும். கருப்பாக, எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று இருக்கும். முதலில் மண்புழு என்றுதான் நினைப்பீர்கள். மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம் இருக்கும், இதற்கு இருக்காது. தலை எது வால் எது என்றும் தெரியாது. நாங்கள் செவிப்பாம்பு என்போம். தூங்கும்போது காதுக்குள் புகுந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னது. அதனால் கண்ட இடத்தில் மண்வெட்டியால் ஒரே போடு. ரத்னம்மா மட்டும் அடிக்க மாட்டாள், ஓடுவாள். அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வீட்டில் அவளுக்குக் கன்னடம், கம்பெனியில் தமிழ், பயம் வந்தால் இரண்டும் ஒன்றாக வரும். "ஹாவு, ஹாவு, யக்கா பாம்பு" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டுத்தான் ஓடுவாள்.

ஒரு நாள் நான் அடித்துப் போட்டதைக் குப்பைக்குக் கொண்டுபோகும்போது ஒரு பெண் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். இருபத்தாறு வயது இருக்கும். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர். கிருஷ்ணகிரியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தார். வனத்துறையிலும் நம் மேனேஜரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு, செவ்வாயும் வெள்ளியும் நம் மண்ணைச் சலித்துப் பார்க்க வந்திருந்தார். எங்களுக்கு அவர் பாம்பு மேடம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

"செத்தது கெடச்சா எனக்குக் குடுங்கக்கா. உயிரோட இருக்கறத மண்ணுலயே உட்டுடுங்க. இது கடிக்காது, காதுக்குள்ளயும் போகாது. எறும்பு முட்டதான் இதுக்குச் சோறு" என்றார்.

ரத்னம்மா தூரத்தில் நின்றபடியே கேட்டாள். "எறும்பு காதுக்குள்ள போச்சுன்னா, இதுவும் பின்னாடியே போகுமில்லீங்களா?"

மேடம் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். "எறும்பு கூடு கட்டி முட்ட போடற வரைக்கும் நீங்க தூங்குனா போகலாங்க்கா."

அன்றிலிருந்து நாங்கள் சிநேகம்.

ஸ்டோர் ரூமில் ஒரு சின்ன மைக்ராஸ்கோப்பை வைத்து, செத்துப்போன ஒன்றை எனக்குக் காட்டினார். அதில் பார்த்தபோது நான் அதுவரை அடித்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அதற்குக் கண் உண்டு. ஆனால் செதிலுக்கு அடியில், பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் மிளகு வைத்தது போல. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியுமாம். வாய் முன்னால் இல்லை, மூக்குக்கு அடியில் இருக்கிறது. மண்ணுக்குள் முட்டிக்கொண்டு போகும்போது வாயில் மண் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. வால் நுனியில் ஒரு முள். அதைக் கொடுக்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கொட்டுவதற்கு இல்லையாம். நாம் ஏணியில் ஏறும்போது காலை ஊன்றுகிறோம் அல்லவா, அது அந்த முள்ளை மண்ணில் ஊன்றி உடம்பை முன்னால் தள்ளுமாம்.

பிறகு அதைத் திருப்பிப் போட்டார். "இங்க பாருங்கக்கா, முதுகுல இருக்கற அதே சின்னச் செதில்தான் வயித்துலயும் இருக்குது. மத்த பாம்புங்களுக்கு வயித்துல அகலமா படிக்கட்டு மாதிரி இருக்கும். படிக்கட்டு இருந்தா அது இது இல்ல. கைய எடுத்துடணும்."

இன்னொன்றும் சொன்னார். நம் ஊர் மண்ணில் இருக்கும் இந்த வகையில் ஆணே கிடையாதாம். எல்லாம் பெண். தானாகவே முட்டையிட்டுத் தானாகவே பெருகுமாம். ஒரு தொட்டியில் ஒன்றே ஒன்று ஒளிந்துகொண்டு கப்பல் ஏறினாலும் போதும், போன ஊரில் ஒரு கூட்டமே உண்டாகிவிடும்.

ரத்னம்மா அப்போதுதான் முதல்முறையாக மைக்ராஸ்கோப் பக்கம் வந்தாள். "ஆம்பளயே இல்லியா? அதான் ஒடம்புல இத்தன பளபளப்பு."

இதோ, பேனா தட்டுகிறது. வேலைக்கு வருகிறேன்.

மேடத்தின் படிப்பு இதுதான். தொட்டி மண்ணில் ஏறிக்கொண்டு இந்தப் பாம்புகள் ஊர்விட்டு ஊர் போகின்றனவா என்று நேரில் பார்த்து நிரூபிக்க வேண்டும். நம் ஊர் வகையை வைத்து நிரூபிக்க முடியாது. அது எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே இல்லாத ஒரு வகை, வெளியிலிருந்து வந்த தொட்டியில் கிடைத்தால்தான் சாட்சி. அப்படி ஒரு வகை வடமேற்கே காய்ந்த பூமியில் உண்டு. அதுவும் குருடு, அதுவும் மண்ணுக்குள் இருப்பது. ஆனால் இன்னும் மெல்லியது. ஒல்லிக் குருட்டுப் பாம்பு என்று மேடம் சொல்வார். நம் ஊர்க்காரிக்குப் பல் மேல்தாடையில் மட்டும். ஒல்லிக்குக் கீழ்த்தாடையில் மட்டும். கீழ்த்தாடை இரண்டு பாதியும் இரட்டைக் கதவு போல உள்ளே வெளியே ஆடி, எறும்பு முட்டையை வாரி வாரிப் போடுமாம். வால் கொஞ்சம் நீளம். எல்லாவற்றையும்விடச் சுலபமான அடையாளம் செதில் வரிசை. உடம்பைச் சுற்றி ஒரு சுற்று எண்ணினால் ஒல்லிக்குப் பதினான்கு வரிசை, நம் ஊர்க்காரிக்கு இருபது.

"ஒரு கட்டு" என்றேன்.

மேடத்துக்குப் புரியவில்லை. இருபது என்றால் எங்களுக்கு ஒரு கட்டு என்று விளக்கினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, நீங்களே எண்ணுங்க" என்று ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அப்படித்தான் நான் பாம்பு எண்ணுகிறவள் ஆனேன். மண்வெட்டியில் அடிபட்டது, காய்ந்து செத்தது என்று எது கிடைத்தாலும் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டுவைப்பேன். எழுதத் தெரியாததால் நூல் கட்டுவேன். நம் மண் என்றால் சிவப்பு நூல், வெளியிலிருந்து வந்த தொட்டி என்றால் மஞ்சள் நூல், எந்த லோடு என்பதற்கு முடிச்சு. மேடம் வரும் நாளில் ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். முதல் இரண்டு மாதம் நான் எண்ணியதையெல்லாம் அவரும் மறுபடி எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. அதன்பிறகு சரிபார்ப்பதை விட்டுவிட்டு மண் சலிப்பதில் இறங்கிவிட்டார். எனக்கோ பெருமை. படிக்காத என் வாயிலிருந்து வந்த எண் அப்படியே நோட்டில் ஏறுகிறது.

இதற்கு நடுவில் சுகன்யா வந்தாள். இப்போது உங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கிறாளே, அதே சுகன்யாதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வந்து நாலாம் நாள், மேடம் சொன்ன பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "இது கடிக்காதாம்லா" என்று மண்ணிலிருந்து ஒன்றை உள்ளங்கையில் தூக்கிவிட்டாள். விரல் பருமன்கூட இல்லை. சுகன்யாவுக்கு அது அழகாக இருந்தது. அது புரண்டபோது அடிவயிறு எனக்குத் தெரிந்தது. படிக்கட்டு.

"கீழ போடு புள்ள" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. அவள் மணிக்கட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். பாம்பு போய் விழுந்தது, அதன்மேல் வாளியைக் கவிழ்த்தேன். சுகன்யா என்னோடு மூன்று மணி நேரம் பேசவில்லை.

மேடம் வந்து வாளியைத் தூக்கிப் பார்த்தார். கட்டுவிரியன் போலவே உடம்பில் பட்டை பட்டையாக இருக்கும், விஷமில்லாத வேறொரு பாம்பின் குட்டி என்றார். சுகன்யா என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை.

"அப்ப என்னைய எதுக்கு அடிச்சீங்க?"

மேடம்தான் பதில் சொன்னார். "விஷம் இல்லன்னு இப்பதான் தெரிஞ்சிது. கையில இருந்தப்போ யாருக்குத் தெரியும்? அந்த நேரத்துல தெரிஞ்சத வச்சு அக்கா செஞ்சது சரி. சரியா இருக்கறதுக்கு அது விரியனாத்தான் இருக்கணும்னு இல்ல."

பிள்ளைகளே, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் பார்க்காமல் எதற்கும் பெயர் வைக்காதீர்கள். பயந்து கையை எடுத்தோம், பிறகு ஒன்றுமில்லை என்று ஆனது என்றால் அதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டாம்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

பிப்ரவரி வந்தது. காதலர் தின ஆர்டர் என்றால் உங்களுக்கே தெரியும், கம்பெனியில் கை உள்ள எல்லோரும் கிரேடிங் ஷெட்டில் நிற்க வேண்டும். என்னையும் ரத்னம்மாவையும் சுகன்யாவையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ரொம்ப நாள் கழித்துப் பழைய மேஜை, பழைய அட்டை. என் கை தானாக ஓடியது. அந்த வேலையின் கடைசி நாளான வியாழக்கிழமை சாயங்காலம் சுகன்யா என் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க கட்டுல பத்தொம்போதுதான் இருக்கு."

"போடி. என் கட்டுலயா?"

"எண்ணிப் பாருங்க. என்னைய மட்டும் அடிக்கத் தெரியும்லா?"

எண்ணினேன். பத்தொன்பது. அன்றைக்கு வந்த பூவுக்குத் தண்டு தடிமன். பத்தொன்பது சேர்ந்ததும் கைக்குள் வழக்கமான பருமன் வந்துவிட்டது, கை மூடிக்கொண்டது. நான் எண்ணவே இல்லை. நான் ரத்னம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வேனில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது, கெலவரப்பள்ளி அணை தாண்டும் இடத்தில், ஒன்று ஞாபகம் வந்தது. மூன்று மாதம் முன்னால் குஜராத்திலிருந்து ஒரு லோடு அடீனியம் செடி வந்தது. வந்த தொட்டிகளை மாற்றும்போது ஒன்றில் காய்ந்து செத்த பாம்பு ஒன்று கிடைத்தது. மஞ்சள் நூல், இரண்டு முடிச்சு. அதை எண்ணும்போது ரத்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்த கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உம் கொட்டிக்கொண்டே ஊசியை ஓட்டி, இருபது என்று சொன்னேன். இப்போது என் கண்ணில் வந்து நின்றது அதன் செதில். மற்றதைவிடப் பெரிய பெரிய செதில். உடம்போ மற்றதைவிட மெல்லிசு.

தண்டு தடிமனாக இருந்தால் கட்டில் எண்ணிக்கை குறையும். மெல்லிய உடம்பில் செதில் பெரிதாக இருந்தால் வரிசை எப்படி இருபது வரும்?

மறுநாள் வெள்ளி. மேடத்துக்கு நம் ஷெட்டில் அதுதான் கடைசி நாள். இரண்டு வருஷமாகத் தேடி ஒரு சாட்சியும் கிடைக்கவில்லை, குழாய்களையும் நோட்டையும் கொண்டுவா, இந்தப் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்கலாம் என்று அவருடைய புரொபசர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை போக வேண்டும்.

காலையில் ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் வரவில்லை. போன் வந்தது. "சானமாவு கிட்ட யானைங்க ரோட்ட தாண்டுதாம்க்கா, பஸ்ஸ நிறுத்தி வச்சிருக்காங்க. எப்ப உடுவாங்கன்னு தெரியல." யானைக்கு என்ன அவசரம். எனக்குத்தான் ஒவ்வொரு நிமிஷமும் கனத்தது.

ரத்னம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம்.

"சொல்லாதக்கா. அது ஒல்லியே இல்லன்னா? உனக்கு மூணு மாசம் முன்ன பாத்தது இப்ப கரெக்டா ஞாபகம் இருக்குதா?"

"தெரியலியே."

"நீ ஒண்ணு தப்புன்னா, அந்த நோட்டுல இருக்கற அத்தனையும் உன் வாய்ல வந்ததுதான. எல்லாமே சந்தேகம்னு ஆயிடும். அந்தப் பொண்ணு வெறுங்கையோட போறது ஒரு கஷ்டம். தப்பு நோட்டோட போயி நிக்கறது அதவிடக் கஷ்டம் இல்லியா?"

"அப்ப நானே போயி அந்த ஒண்ண மட்டும் எண்ணிப் பாத்துட்டு…"

"பாரு. பதினாலு இருந்தா சொல்லு. இருபது இருந்தா வாய மூடிக்க."

கை குழாய் வரைக்கும் போய்விட்டது. எடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். அந்தக் கையை நான் நம்பவில்லை. பதினான்கு வேண்டும் என்று ஆசைப்படுகிற கை பதினான்கில்தான் போய் மூடும்.

பதினொன்றரைக்கு மேடம் வந்தார். தண்ணீர் குடிக்கட்டும் என்று காத்திருந்தேன். குடித்து முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது ரோஜா, அடீனியம் தொட்டி, ரத்னம்மாவின் புடவை உட்பட. அவர் அங்கேயே கிடந்த தேங்காய் நார்க் கட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன எண்ணிக்கை மேல உங்களுக்குச் சந்தேகம்க்கா?"

"ஒண்ணு மேலதான். ஆனா…"

"ஒண்ணு மேல வந்துட்டா எல்லாத்து மேலயும் வந்துடுது."

என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். ரத்னம்மா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள், அடி விழுந்தால் தான் வாங்கிக்கொள்வது போல. மேடம் சொன்னது வேறு.

"ரெண்டு மாசம் சரிபாத்துட்டு நிறுத்துனது நான்தானக்கா. வந்ததெல்லாம் இருபது. நீங்க தூக்கத்துல இருபதுன்னு சொல்லியிருந்தாலும் நான் கரெக்ட்னுதான் எழுதியிருப்பேன். அது என்ன சரிபாக்கறது." எழுந்து கையைத் தட்டினார். "மொத்தம் எத்தன குழாய்?"

"அறுபத்தி மூணு."

"எல்லாத்தையும் எண்ணுவோம்."

நான் மஞ்சள் நூல், இரண்டு முடிச்சுக் குழாயை முதலில் எடுத்தேன். அவர் வாங்கிக் கீழே வைத்தார். "அத முதல்ல எடுக்கக் கூடாதுக்கா. எதுன்னு தெரிஞ்சா நாம நெனைக்கறதுதான் வரும்." குழாய்களில் நூல் தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் காகிதம் சுற்றி, தட்டில் போட்டுக் கலைத்துவிட்டார். எது எதென்று இனி அவருக்கும் தெரியாது.

"பாம்ப மறச்சாச்சு. நம்பர எப்படி மறைக்கறது?" என்று கேட்டேன். "ஊசி ஓடும்போதே உள்ளுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு ஓடுது. இருபது வந்ததும் நிக்குது. அது என் கையில இல்ல மேடம்."

அப்போது என் கண்ணில் பட்டது ரத்னம்மாவின் பை. அவரைக்காய் சீசன் முடிகிற நேரம். சாயங்காலம் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உரித்த கொட்டையை எடுத்து வந்திருந்தாள். சொன்னேன். "நான் எண்ணல. ஒரு வரிசைய ஊசி தாண்டுனா 'ஆச்சு'ன்னு சொல்றன். ரத்னம்மா எனக்குத் தெரியாம கிண்ணத்துல ஒரு கொட்ட போடட்டும். சுத்தி முடிஞ்சதும் சுகன்யா கொட்டைய எண்ணட்டும். நான் வேணும்னே சாமி பாட்டு ஒண்ண மனசுக்குள்ள பாடிக்கறன்."

மேடம் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க படிச்சிருந்தா நான் இங்க நிக்க முடியாது" என்றார். அந்த வார்த்தைக்காக இன்னும் அறுபத்து மூன்று பாம்பு எண்ணியிருப்பேன்.

"என் கொழம்பு போச்சு" என்றாள் ரத்னம்மா.

ஆரம்பித்தோம். ஆச்சு, ஆச்சு, ஆச்சு. சுகன்யா எண்ணுவாள், சொல்ல மாட்டாள், காகிதத்தில் எழுதுவாள். சாப்பாட்டு மணி அடித்தது, போகவில்லை. பதினோராவது குழாயிலோ என்னவோ சுகன்யாவின் முகம் மாறியது. மறுபடி எண்ணலாமா என்றாள். பார்த்தால் ஒரு கொட்டை முக்காலிக்கு அடியில் உருண்டு கிடந்தது. ரத்னம்மா கை தவறிப் போட்டது. அவள் அதை எடுத்து ஜாக்கெட்டில் துடைத்து, "கொத்தில்லாம விழுந்துடுச்சு" என்றாள், தெரியாமல் விழுந்துவிட்டது என்று. அதன்பிறகு ஒவ்வொரு கொட்டையையும் தாலி கட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துப் போட்டாள்.

மூன்று மணி, நாலு மணி. என் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டு பாடினேன். முக்கால்வாசிக் குழாய் முடிந்திருக்கும். ஒன்றில் ஊசி ஓட்டி, ஆரம்பத்தில் குத்திய குண்டூசிக்கே திரும்பி வந்து, முடிஞ்சிது என்று நிமிர்ந்தேன். ரத்னம்மா கிண்ணத்தைச் சுகன்யாவிடம் கொடுக்காமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, என்னத் திட்டாத. நான் நடுவுல போட மறந்துட்டன்னு நெனைக்கிறன். கொட்ட ரொம்பக் கம்மியா இருக்குது."

மேடம் மெதுவாக, "எத்தனன்னு சொல்லாதீங்க. சுகன்யா எண்ணி எழுதட்டும். அப்புறம் ஆள மாத்திக்கலாம்" என்றார். இப்போது ஊசி மேடத்திடம், கிண்ணம் என்னிடம். சுற்றி முடித்ததும் சுகன்யா எண்ணினாள். மறுபடியும் ஆள் மாற்றினோம். சுகன்யா ஊசி ஓட்ட, ரத்னம்மா கண்ணை இமைக்காமல் கொட்டை போட்டாள். மூன்று முறையும் ஒரே எண். சுகன்யா அந்தக் கொட்டைகளை மேஜையில் ஏழு ஏழாக இரண்டு வரிசையில் அடுக்கிக் காட்டினாள்.

பதினான்கு.

மேடம் காகிதத்தைப் பிரித்தார். மஞ்சள் நூல், இரண்டு முடிச்சு. பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஊசியால் அந்தக் குட்டி வாயைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மேல்தாடை மொழுமொழுவென்று இருந்தது. கீழே, ரோஜாத் தண்டில் புதிதாக முளைத்த முள் போல, வரிசையாகப் பல்.

"ஒல்லி" என்றேன்.

அப்போதும் அவர் அதோடு நிறுத்தவில்லை. மிச்சமிருந்த குழாய்களையும் எண்ணச் செய்தார். வேன் கிளம்பும் ஹாரன் கேட்கும்போதுதான் முடித்தோம். மற்ற அறுபத்திரண்டும் இருபதுதான். என் கை பொய் சொன்னது ஒரே ஒரு இடத்தில். எது முக்கியமோ சரியாக அந்த இடத்தில்.

குழாயில் போட ஒரு சீட்டு எழுதினார். எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினார். எந்தத் தொட்டி, எந்த ஊர் லோடு, கண்டெடுத்தவர் லூர்து. பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னொரு வரி எழுதணும்க்கா. உங்களக் கேட்டுட்டுத்தான் எழுதணும்" என்றார். முதல் எண்ணிக்கை இருபது, தவறு, எண்ணியவர் லூர்து. மறு எண்ணிக்கை பதினான்கு, சரி, சந்தேகத்தைச் சொன்னவர் லூர்து.

ரத்னம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தப்ப எதுக்கு எழுதணும்? சரியானத எழுதுனா போதாதா?"

"தப்பு நடந்துச்சுன்னு எழுதலன்னா, வேற ஊர்ல இதே மாதிரி எண்ணறவங்க அவங்க பழைய குழாய எல்லாம் தெறந்து பாக்க மாட்டாங்கக்கா. நாங்க எல்லாம் சரியாத்தான் எண்ணுனோம்னு இருந்துடுவாங்க."

என் பெயரை அதுவரை யாரும் ரேஷன் கார்டிலும் சம்பளச் சீட்டிலும் தவிர வேறெங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறார்கள், அதிலும் பாதி தப்புக்காக. ஒரு நிமிஷம் யோசித்தேன். "எழுதுங்க மேடம். ரெண்டும் நான்தான" என்றேன்.

மூன்று வாரம் கழித்து மைசூர் பாக்கோடு வந்தார். படிப்பைத் தொடர அனுமதி கொடுத்துவிட்டார்களாம். ஒன்று வந்தது என்றுதான் சொல்ல முடியும், இங்கே தங்கிப் பெருகுமா என்று தெரியாது, அதைத் தேட இன்னும் ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அதனால்தான் இன்றைக்கும் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு தொட்டி மண்ணையும் சலிக்கச் சொல்கிறார்கள். உங்களுக்கு அந்த வேலை அலுப்பாகத்தான் இருக்கும். இனிமேல் கொஞ்சம் குறைவாக அலுக்கும் என்று நினைக்கிறேன். எண்ணுகிறவள் இப்போது சுகன்யா. பக்கத்தில் கொட்டைக் கிண்ணத்தோடு ஒருத்தி உட்காராமல் அவள் ஊசியைத் தொடுவதில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன், பேனா தட்டி ஓய்ந்துவிட்டது. மேனேஜர் சால்வை போட்டார். எல்லோரும் நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். கடைசியில் தொட்டி ஷெட் சார்பாகச் சுகன்யா ஒரு ரோஜாக் கட்டைக் கொண்டுவந்தாள். நம் தோட்டத்துச் சிவப்பு, ஒழுங்காக அட்டை சுற்றியது. கையில் வாங்கியதுமே என் கை ஏதோ சரியில்லை என்றது. கட்டு மெலிசாக இருந்தது. இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கட்டுக் குறைவாகக் கொடுக்கிறாளே என்று அவளைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். ரத்னம்மா பின்னாலிருந்து, "எண்ணிக்கோ யக்கா, கைய நம்பாத" என்றாள்.

சபை நடுவிலேயே உட்கார்ந்து அட்டையைப் பிரித்தேன். ரத்னம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு பூவாக எடுத்து மடியில் வைத்து, ஆச்சு, ஆச்சு என்றேன். கடைசிப் பூவை வைத்த பிறகு சுகன்யா கிண்ணத்தை வாங்கி, மேனேஜர் மேஜையில் கொட்டைகளை ஏழு ஏழாக இரண்டே வரிசையில் அடுக்கினாள்.